புள்ளி

தட்டின் முதுகில் போல்பொயின்ற் பேனையால்
அழுத்தி எழுதியிருந்தார்கள்:
வதனி – சுதர்மன், 2003, இரண்டாவது.

கீழ்ப்பக்கத்துக் கீறல் பெரிய காரியமில்லை.
அது தோல்தான்.
பற்பசையை விரலில் தொட்டு
நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் தேய்த்தால்
அரைவாசி ஆறிவிடும்.
மேற்பக்கம் அப்படியில்லை.
பெயர் எழுதுகிற பக்கத்தில்தான்
மெல்லிய பூச்சொன்றின் கீழே
வெள்ளி கிடக்கிறது, காவலே இல்லாமல்.
யாருக்கும் இது தெரிவதில்லை.
தொலையக் கூடாது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
வதனியில் வெளிச்சம் ஒழுகவில்லை.
சுதர்மனில் இரண்டு இடம்:
‘ர்’ தலையில் ஒன்று, ‘ன்’ தலையில் ஒன்று.
பேனையைக் குத்தி எடுத்த புள்ளிகள்.

“உங்களுக்கு என்ன முறை, இந்தக் கலியாணம்?”

தவயோகம் அக்கா கதிரையின் நுனியில் இருந்தா.
சம்பூரிலிருந்து முதல் பஸ்.
மடியில் ஒரு கோவை,
உள்ளே கடிதங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொருவர் கையொப்பம்.

“கலியாணம் எனக்கு வேண்டாம் தம்பி.
அவையின்ர பின்னுக்கு எங்கட கிணறு நிக்குது.
காணியில கிணறே இருக்கேல்ல எண்டு
கந்தோரில எழுதிப்போட்டினம்.”

பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரில் கழுவி
மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன்.
புது டிறைவ் இரண்டு நிமிடத்தில் துப்பிவிட்டது.
நஸ்மீர் கிண்ணியாவிலிருந்து தூக்கிவந்த பழசு,
மஞ்சளடித்த, மூடி உடைந்த சனியன்,
அது துப்பவில்லை.
ஆகக் குறைந்த வேகத்தில்
நல்ல இடங்களை முதலில் பொறுக்கியது.
கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்
பின்னாலிருந்து திரும்பி வந்து தட்டியது,
வாசலில் பதில் இல்லாத வீட்டுக்குக் கொல்லையால் வருகிறவனைப் போல.
டக். டக். ஒரு பெருமூச்சு. டக்.

எழுபத்தொரு வீதத்தில் கரண்ட் போனது.
வெளியே, கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று
நான் எறிந்த ரிஷ்யூவை மென்றுகொண்டு நின்றது.
முதுகெல்லாம் புள்ளி.
அதில் எதுவும் ஒழுகவில்லை.
அக்கா சோற்றுப் பார்சலை அவிழ்த்து
எனக்கும் பாதி பிரித்து வைத்தா. வேண்டாமென்றேன்.
பிறகு தின்றேன்.

நாலரைக்குப் படம் ஓடியது.
தட்டு உள்ளிருந்து வெளியே வாசிக்கும்.
அதனால் பந்திவரை சுத்தம்.
வழியனுப்புவது விளிம்பில்,
கை படுகிற, பெயர் முடிகிற இடத்தில்.
முகங்கள் சதுரம் சதுரமாக உதிர்ந்தன.
பொம்பிளையின் மூக்குத்தி
மாப்பிள்ளையின் தோளில் போய் ஒட்டிக்கொண்டது.

“அவரைக் கொஞ்சம் விலத்தச் சொல்லுங்கோ,”
என்று அக்கா திரையைப் பார்த்துச் சொன்னா.
இருபது வருடத்துக்கு முந்திய மாப்பிள்ளை
சொல்வழி கேட்டு விலத்தினார்.
அந்த இடத்தில் வீடியோக்காரன்
சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டிருந்தான்.
இதயங்களுக்கு நடுவே
கல்லுக் கட்டு, கப்பி, ஒரு பக்கம் பாசி.
நாலு செக்கன்.

நிறுத்தினேன்.
ஐந்து பிரதி எடுத்தேன்.
கந்தோர் இதயத்தை ஏற்குமோ தெரியாது.
அவ காசை எண்ணி வைத்தா, பிரதிகளைக் கோவைக்குள் வைத்தா,
ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து
கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் பிடித்தா.

“வாளியைப் பாருங்கோ.
ஈரம் சொட்டுது.
எல்லாரும் வாசலில நிக்கேக்க
ஆர் தண்ணி அள்ளினது?”

அதற்கு முந்திய ஏழு செக்கன்
முதல் புள்ளிக்குள் இருக்கிறது.
கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
தட்டைத் திரும்பக் கழுவினேன்.
பின்னாலிருந்து
இன்னொரு தரம் ஓடவிட்டேன்.